நாலாவது வீதியில் டே கேர் வருதாம் – என்ன கேட்கணும், யாரைக் கேட்கணும்? (காரைக்குடி)

வீட்டு எண் 17
ஜூன் 2, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கழனிவாசல் பக்கம் நம்ம நகர்ல இருக்கிறவங்களுக்கு நாலாவது வீதி 18ஆம் நம்பர் வீடு தெரிஞ்சிருக்கும். எங்க எதிர்வீடு. வீட்டுக்காரர் மகனோட கோயம்புத்தூர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அன்னையில இருந்து பூட்டித்தான் கிடக்கு. போன வாரம் ஆள் வந்து வெள்ளையடிச்சாங்க. சரி, ஏதோ குடும்பம் குடி வருதுன்னு நினைச்சேன். நேத்து விசாரிச்சா குழந்தைகள் காப்பகமாம். 40 பிள்ளைங்க. எட்டு மாசக் கைக்குழந்தையில இருந்து அஞ்சு வயசு வரைக்கும். காலை 8 மணிக்குத் திறந்து சாயங்காலம் 6.30க்குத்தான் அடைப்பாங்களாம். ஆடி கழிஞ்சு ஆவணியில ஆரம்பம்.

மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லிடறேன். என் மனைவி பக்கவாதம் வந்து மூணு வருஷமா படுக்கையில இருக்கா. போன கார்த்திகையில மூச்சுத்திணறல் வந்து 108க்குச் சொன்னா, முனையில மணல் லாரி நின்னதால ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியலை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு நடந்தே போனோம். 40 பிள்ளைங்கன்னா காலையில 40 வண்டி, சாயங்காலம் 40 வண்டி. மத்தியானம் அவ கண்ணசர்ற ரெண்டு மணி நேரம்தான் எனக்கும் மூச்சு விட நேரம். இது போக செப்டிக் டேங்க், தண்ணி, குப்பைன்னு எல்லாம் இருக்கு. இந்த வீதியில பெட்டிக்கடைகூட வந்ததில்லை, குடியிருப்பாவே இருந்துட்டோம்.

மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம்னு இருக்கேன். 11 வீட்டுல பேசியாச்சு, 8 பேர் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்க அபிப்பிராயம் என்ன?

தேவகோட்டை ரஸ்தா
ஜூன் 2, இரவு 10.05

அண்ணே, ஒண்ணு கேட்கிறேன், கோபிச்சுக்காதீங்க. நாலு வருஷம் முந்தி அதே வீதி முனையில இருக்கிற பெரிய வீட்டை சினிமா ஷூட்டிங்குக்கு விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? பன்னெண்டு நாள் ஜெனரேட்டர் வண்டி ரோட்டை அடைச்சிக்கிட்டு நின்னுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டு. அன்னைக்கு யார் மனு கொடுத்தோம்? ஹீரோயினைப் பார்க்க ஸ்டூல் போட்டுல்ல நின்னோம். நானும்தான் நின்னேன்.

வீட்டு எண் 17
ஜூன் 2, இரவு 10.20

தம்பி, அது பன்னெண்டு நாள். இது வருஷம் பூரா. ஷூட்டிங் நடந்தப்ப என் வீட்டம்மா நல்லா இருந்தா, இப்ப அப்படி இல்லை.

தேவகோட்டை ரஸ்தா
ஜூன் 2, இரவு 10.22

தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணே, மன்னிச்சிருங்க.

இரட்டைத் தொட்டில்
ஜூன் 3, காலை 5.50

பிள்ளைங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள எழுதிடறேன். எனக்கு இரட்டைப் பிள்ளைங்க, இப்ப ஒண்ணே கால் வயசு. ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. 26 வார லீவு முடிஞ்சதும் மாமியார் வந்து ஏழு மாசம் பார்த்துக்கிட்டாங்க. முட்டி வலி அதிகமாயி அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. இப்ப ஒரு வாரம் நான் லீவு, மறு வாரம் வீட்டுக்காரர் லீவுன்னு ஓடுது.

2017ல் திருத்தின மகப்பேறு சட்டத்துல 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல க்ரீச், அதாவது பிள்ளைங்க காப்பகம், வைக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம்னு இருக்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு. எங்க லேப்ல இருக்கிறது 14 பேர். நம்ம ஊர்ல ஜவுளிக்கடை, கிளினிக், நகைக்கடை, ஜெராக்ஸ் கடைன்னு எண்ணிப் பாருங்க, 50 பேர் இருக்கிற இடம் எத்தனை தேறும்? அங்கன்வாடி நல்லது, நான் குறை சொல்ல மாட்டேன். முட்டையும் கொடுக்கறாங்க, எடையும் பார்க்கறாங்க. ஆனா கைக்குழந்தையை நாள் பூரா விட்டுட்டுப் போக முடியாது. என் ஷிஃப்ட் 6 மணிக்கு முடியுது, அவங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே பூட்டிடறாங்க.

17ஆம் நம்பர் ஐயா, உங்க வீட்டு நிலைமை புரியுது. நீங்க மனு கொடுத்து இது நின்னு போனா நான் வேலையை விடணும். அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்து வாங்குங்க.

அமைதி விரும்பி
ஜூன் 3, காலை 8.15

உணர்ச்சிவசப்பட வேண்டாம். வீதியில இப்படி ஒண்ணு வந்தா மனை விலை இறங்கும். எங்கெங்கிருந்தோ யார் யாரோ வருவாங்க, போவாங்க. யாருன்னே தெரியாத ஆளுங்க தினமும் ரெண்டு வேளை நம்ம வாசல்ல நிக்கிறது பாதுகாப்பா?

[இந்தப் பதிவின் கடைசி இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. சாதி, தொழில் குறித்துப் பேச இங்கே இடமில்லை. – நெறியாளர்]

மூலைவீட்டு ஆச்சி
ஜூன் 3, காலை 11.30

நான் சொல்லச் சொல்ல பேத்தி தட்டுறா, தப்பு இருந்தா அவளைக் கேளுங்க.

யாரு அந்த யார் யாரோ? பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு வேலைக்கு ஓடுற பொம்பளை யார் யாரோவா அப்பா?

நான் பள்ளத்தூர்ல வாக்கப்பட்டவ. எங்க வளவுல, ஒரே வீட்டுக்குள்ள, அஞ்சு புள்ளி, அதாவது அஞ்சு குடும்பம். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்லயே எங்களை வேறு வச்சிட்டாக. எனக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு அறை, அளந்து கொடுத்த அரிசி. அஞ்சு அடுப்பு எரியும், ஒரு அடுப்புக் குழம்பு இன்னொரு அடுப்புக்குப் போகாது. ஆனா பிள்ளைக மட்டும் எல்லாருக்கும் பொது. காலையில தலை சீவி வளவுக்குள்ள விட்டா, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துலதான் எது எம்பிள்ளைன்னு பிரிச்சு எடுப்போம். எங்க சின்ன மாமியார் ஒருத்தக, பிள்ளை இல்லாதவுக. பதினோரு பிள்ளைகளைப் பட்டாலையில வரிசையாப் படுக்க வச்சுத் தூங்கப் பண்ணுவாக. ஒண்ணு அழுதா இன்னொண்ணு முழிக்காம எப்படித்தான் தூங்க வச்சாகளோ, எனக்கு இன்னைக்கும் தெரியலை. அவுகளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கலை. அதுவும் ஒரு அநியாயம்தான், இப்ப நினைச்சாத் தோணுது.

இப்ப என் மூணு பிள்ளைகளும் மூணு தேசத்துல. வீட்டுல சத்தம்னா மிக்சிச் சத்தம்தான்.

வரட்டும். ஆனா ஒண்ணு. நான் அஞ்சரைக்கு எந்திரிச்சு வாசல்ல கோலம் போடுறேன். அது மேல ஸ்கூட்டர் ஏத்தினா விடமாட்டேன்.

கொத்தனார் மகன்
ஜூன் 3, இரவு 9.00

நான் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிற ஆள். மனு கொடுக்கிறவங்களுக்கும் நடத்த வர்றவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன்.

"குடியிருப்புப் பகுதி, அதனால கூடாது"ன்னு மட்டும் எழுதினா மனு நிக்காது. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல குடியிருப்பு மண்டலத்துல வீட்டைத் தவிர என்னென்ன வரலாம், எந்த அளவுல, எவ்வளவு அகல ரோட்டுல வரலாம்னு தனியா இருக்கு. ஆகக் கேட்க வேண்டிய கேள்வி வேற. வீடுன்னு அனுமதி வாங்கின கட்டடத்துக்கு உபயோக மாற்றம் கேட்டாங்களா? வரைபடம் கொடுத்தாங்களா? அதைத் தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி நீங்களே கேட்கலாம்.

அடுத்தது பேரு. காப்பகம், ப்ளே ஸ்கூல், நர்சரி எல்லாத்தையும் நாம ஒண்ணாப் பேசறோம். ப்ளே ஸ்கூலுக்குன்னு 2015ல் பள்ளிக்கல்வித் துறை தனி விதித்தொகுப்பு போட்டுச்சு. அதனால சில பேர் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே போர்டுல மட்டும் "டே கேர்"னு எழுதிக்கிறாங்க. பள்ளிக்கூடம்னா நாலு சான்று கேட்பாங்க: தாசில்தார்கிட்ட கட்டட உரிமம், பொறியாளர்கிட்ட கட்டட உறுதி, சுகாதாரம், தீயணைப்பு. போர்டுல என்ன பேர் இருந்தாலும் சரி, 40 பிள்ளைங்க ஒரு கூரைக்கு அடியில இருந்தா இந்த நாலையும் கேளுங்க. கூச்சப்பட வேண்டியதில்லை.

மின் இணைப்பையும் பாருங்க. வீட்டு இணைப்புல கிடைக்கிற இலவச யூனிட்டை வாங்கிக்கிட்டே தொழில் நடத்தறது பல இடத்துல நடக்குது. மாத்தித்தான் ஆகணும்.

சத்தம்: 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. பிள்ளை அழறதை அளக்க யாரும் மீட்டர் தூக்கிட்டு வரப்போறதில்லை. ஆனா ஸ்பீக்கர் வச்சு ரைம்ஸ் போட்டாங்கன்னா தாராளமாக் கேட்கலாம். என் அனுபவத்துல இந்த மாதிரி இடங்கள்ல தொல்லை அந்த ஸ்பீக்கர்லதான் வரும்.

தேவகோட்டை ரஸ்தா
ஜூன் 3, இரவு 9.20

அதே விதியில பள்ளிக்கூடத்தைச் சுத்தி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமா அறிவிக்கலாம்னு இருக்குல்ல? அப்ப இதைப் பள்ளிக்கூடமாச் சேர்த்தா, மாசி பங்குனித் திருவிழாவுக்கு நம்ம முனையில கட்டுற குழாய் ஸ்பீக்கர் என்ன ஆகும்?

கொத்தனார் மகன்
ஜூன் 3, இரவு 9.24

அதுக்குத் தனி இழை ஆரம்பிங்க. நான் அங்க வரமாட்டேன்.

சிங்கையில் ஒருவன்
ஜூன் 4, அதிகாலை 1.10

வீடு 21 எங்களுது. அப்பா அம்மா மட்டும்தான் அங்க இருக்காங்க. மனுவுல எங்க அப்பா கையெழுத்தும் இருக்குன்னு கேள்விப்பட்டேன். போன்ல கேட்டேன். "பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரு, போட்டேன்"னார். எதுக்குன்னு அவருக்கே தெரியலை. அம்மா சொல்றாங்க, பிள்ளைங்க வந்தா நல்லதுதானே, சுசியம் சுட்டா திங்க ஆள் இருக்கும்னு.

நான் இங்க என் மகளை இன்ஃபண்ட் கேர்ல விட்டுத்தான் வேலைக்குப் போறேன். எங்க அடுக்குமாடியின் தரைத்தளத்துலயே இருக்கு. மேல 12 மாடி ஜனம். கீழ பிள்ளைங்க. யாரும் விலை இறங்கும்னு சொன்னதில்லை, பக்கத்துல காப்பகம் இருக்குன்னு விளம்பரமே போடறாங்க.

கண்மாய்க்கரை
ஜூன் 4, காலை 7.00

எல்லாரும் வண்டியும் சத்தமும் பேசறீங்க. தண்ணியைப் பத்தி 17 ஐயா ஒரே ஒரு சொல்லோட விட்டுட்டார்.

நம்ம ஊருக்கு சம்பை ஊத்துத் தண்ணி ஒரு வரம். அதை நம்பித்தான் காரைக்குடி வளர்ந்துச்சு. ஆனா நம்ம நகர் குழாய்ல அது வர்ற நேரம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். 40 பிள்ளைங்க, அதுல பாதி கைக்குழந்தைன்னா அலசற துணி, கழுவற பாத்திரம், துடைக்கிற தரை. போர்த் தண்ணியை இழுப்பாங்க. கழிவு எங்க போகும்? 18ஆம் நம்பர்ல இருக்கிறது அஞ்சு பேர் குடும்பத்துக்குக் கட்டின செப்டிக் டேங்க். அது நிரம்பி வழிஞ்சா சாக்கடை வழியா நேரா என் வீட்டுக்குப் பின்னால இருக்கிற ஊருணிக்கு வரும். நம்ம முன்னோர் கூரையில விழுந்த மழைத்தண்ணியைக்கூட வாய்க்கால் வெட்டி ஊருணியில சேர்த்தாங்க. நாம டயப்பரைச் சேர்க்கப் போறோம்.

டயப்பரை யார் எடுப்பாங்கன்னும் கேளுங்க. தூய்மைப் பணியாளர் அக்கா கையால பிரிக்கணுமா?

18ல் வரப்போறவள்
ஜூன் 5, இரவு 8.45

வணக்கம். என்னைப் பத்தித்தான் பேசறீங்கன்னு சொல்லி என் தங்கச்சி இதை அனுப்பினா. ரெண்டு நாள் படிச்சிட்டு எழுதறேன்.

நான் 14 வருஷம் யுகேஜி டீச்சர். சொந்த ஊர் புதுவயல். ஒரு விஷயத்தை ஒத்துக்கணும்: வீதியில வந்து நாலு வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிட்டு அப்புறம் வெள்ளையடிச்சிருக்கணும். அது என் தப்பு.

40னு சொன்னது ரெண்டு மாடியும் சேர்த்து. யோசிச்சுப் பார்த்தேன், மாடி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கீழ் வீடு மட்டும்னா 24 பிள்ளைங்க. ரெண்டு வயசுக்குக் கீழ 8 பேருக்கு மேல சேர்க்க மாட்டேன். என்னையும் சேர்த்து அஞ்சு பேர் வேலை பார்ப்போம். ஸ்பீக்கர் கிடையாது. மத்தியானம் 1 மணிக்கு மேல 3 மணி வரைக்கும் எங்க பிள்ளைங்களும்தான் தூங்கும், ஐயா வீட்டு அம்மாவோட சேர்ந்து தூங்கட்டும்.

வண்டிக்கு ஒரு வழி இருக்கு. 18ஆம் நம்பர் ரெண்டு மனையைச் சேர்த்து நம்ம பக்கத்துப் பழைய வீடுங்க மாதிரி வீதிக்கு வீதி கட்டின வீடு. முன்வாசல் நாலாவது வீதி, பின்வாசல் அஞ்சாவது வீதி. அஞ்சாவது வீதி 30 அடி ரோடு. பிள்ளைங்களை அங்க இறக்கி விடச் சொல்றேன்.

அஞ்சாவது வீதி, கிணத்தடி
ஜூன் 5, இரவு 9.02

நல்லா இருக்கே நியாயம்! மூணு நாளா ஏதோ நாலாவது வீதிக்காரங்க சண்டைன்னு சும்மா இருந்தேன். இப்ப எங்க தலையில கட்டறீங்களா?

தேவகோட்டை ரஸ்தா
ஜூன் 5, இரவு 9.05

வாங்க வாங்க, உட்காருங்க.

இரட்டைத் தொட்டில்
ஜூன் 6, காலை 5.40

டீச்சர் வந்தது சந்தோஷம். அதுக்காக நான் உங்க கட்சின்னு நினைச்சுடாதீங்க. என் பிள்ளைங்களை விடப்போற இடம், 17 ஐயாவை விட எனக்குத்தான் கேள்வி ஜாஸ்தி. நேத்து சாயங்காலம் பூட்டின கேட்டுக்கு வெளிய நின்னு எட்டிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்றேன்.

கேட்டுக்கு உள்ளே இடது பக்கம் செவ்வரளி, ஆள் உயரம். பூவைப் பறிச்சு சாமிக்கு வைக்கலாம், பிள்ளை இலையை வாயில வச்சா ஆஸ்பத்திரிதான். வேரோட எடுக்கணும். வெட்டி விட்டாத் திரும்பத் துளிர்க்கும்.

பின்பக்கம் உறைகிணறு இருக்குன்னு ஆச்சி சொன்னாங்க. சுவர் எவ்வளவு உயரம்? மேல இரும்பு வலை இருக்கா, அதுக்குப் பூட்டு இருக்கா? சம்ப் மூடி அலுமினியத் தகடா, இல்ல பேருக்குப் பலகையா? பிள்ளை மூழ்கக் கிணறுகூடத் தேவையில்லை, பாத்ரூம் பக்கெட்டுல அரை அடி தண்ணி போதும். ராத்திரி தண்ணி பிடிச்சு வைக்கிற ஊர் நம்ம ஊர், எல்லா வீட்டுலயும் அண்டா நிறைஞ்சு நிக்கும்.

தரை ஆத்தங்குடிக் கல்லு. பார்க்க அழகு. தேங்காயெண்ணெயும் உமியும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு முகம் பார்க்கலாம் போல இருக்கும். அதுல ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்தா நானே வழுக்கி விழுவேன், இப்பத்தான் நடக்கப் பழகற பிள்ளை என்ன ஆகும்?

கடைசியா சமையல். பின்பக்கம் கீத்துக் கொட்டகை ஒண்ணு தெரியுது. அங்க அடுப்பு வைக்கப் போறீங்களா? 2004 ஜூலை 16 கும்பகோணத்துல என்ன நடந்ததுன்னு நான் சொல்ல வேண்டாம். சமையல் கொட்டகையில பிடிச்ச நெருப்பு, கீத்துக் கூரை, குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைங்க. நான் அப்ப எட்டாவது படிச்சேன். எங்க ஸ்கூல்ல மறு வாரமே கீத்தைப் பிரிச்சாங்க, நாங்க மரத்தடியில உட்கார்ந்து படிச்சோம். அந்தக் கொட்டகை இருக்கிற வரைக்கும் என் பிள்ளைங்க அந்த வாசல்படி ஏறாது.

மூலைவீட்டு ஆச்சி
ஜூன் 6, காலை 10.10

அந்தக் கிணத்துச் சுவர் என் முட்டி வரைக்கும்தான். வீட்டுக்காரக உட்கார்ந்து பல் தேய்க்கத் தோதாக் கட்டுனது. வலை கிடையாது. போன வருஷம் ஒரு பூனை விழுந்துச்சு.

18ல் வரப்போறவள்
ஜூன் 6, மதியம் 1.30

(பிள்ளைங்க இன்னும் வரலை, அதனால மதியம் எழுத முடியுது.)

இரட்டைத் தொட்டில் அம்மா கேட்டது எல்லாமே சரி. கொட்டகையை இன்னைக்குக் காலையிலயே பிரிக்கச் சொல்லிட்டேன். சமையல் வீட்டுக்குள்ள இருக்கிற அடுப்படியில, சிலிண்டர் வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம். கிணத்துக்கு நாலடிச் சுவரும் வெல்டிங் வலையும் போட வீட்டுக்காரர்கிட்டப் பேசினேன். "மூடிடுங்க"ன்னார். எனக்கு மூட மனசில்லை, தண்ணி நல்ல தண்ணி. வலைக்குப் பூட்டு, சாவி என் இடுப்புல. சம்ப்புக்கு இரும்பு மூடி. அரளி நாளைக்கு. தரைக்கு ரப்பர் பாய். ஆத்தங்குடிக் கல்லை மறைக்கிறது பாவம்தான், என்ன செய்ய.

டயப்பர் தனியாக் கட்டித் தனி டப்பாவுல போகும், மேல சிவப்புல எழுதி. துணி லங்கோடு கொண்டு வர்றவங்களுக்கு மாசக் கட்டணத்துல குறைச்சுக்கறேன். அதனால தண்ணிச் செலவு கூடும்னு கண்மாய்க்கரை ஐயா சொல்வார். ரெண்டுல ஒண்ணை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கண்மாய்க்கரை
ஜூன் 6, இரவு 7.15

துணி. துவைச்ச தண்ணி தென்னைக்குப் போகட்டும். ஆனா செப்டிக் டேங்க் கேள்விக்கு இன்னும் பதில் வரலை.

கொத்தனார் மகன்
ஜூன் 6, இரவு 10.00

24 பிள்ளைங்க, அஞ்சு பெரியவங்க. கைக்குழந்தைங்க கக்கூசுக்குப் போகப் போறதில்லைன்னாலும் தண்ணி அதுக்குள்ளதான் போகும். நான் வந்து பார்த்துச் சொல்றேன். பக்கத்துல இன்னொரு அறை கட்டிக் கழிவுக்குழியையும் பெருசாக்கலாம், இடம் இருக்கு. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை லாரி வந்து உறிஞ்சணும்னு தேதி எழுதி வாங்கிக்கங்க. நம்ம மக்கள் வழிஞ்சு நாறினதுக்கு அப்புறம்தான் லாரிக்குப் போன் பண்ணுவாங்க.

அஞ்சாவது வீதி, கிணத்தடி
ஜூன் 7, காலை 6.30

என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலை. அஞ்சாவது வீதி 30 அடிதான். அதுல ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், இன்னொரு பக்கம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின பள்ளம். மழை பெஞ்சா ஸ்கூட்டி சக்கரம் பாதி உள்ளே போயிடும். பிள்ளையை முன்னால நிக்க வச்சு ஓட்டிட்டு வர்ற அம்மா அங்க விழுந்தா யார் பொறுப்பு?

இரட்டைத் தொட்டில்
ஜூன் 7, காலை 6.45

இது நியாயமான கேள்வி. அந்தப் பள்ளத்துல நானே ஒரு தடவை விழப் பார்த்தேன். காப்பகம் வந்தாலும் வராட்டாலும் அதை மூடணும். வார்டுல ஜனங்க குறை சொல்ற பகுதி சபாக் கூட்டம் நடக்கும்போது ரெண்டு வீதியும் சேர்ந்து போய்ச் சொன்னா என்ன? முனிசிபாலிட்டியா இருந்த ஊர் மாநகராட்சி ஆனதுல நமக்கு வரி ஏறிடுமோங்கிற பயம் மட்டும்தான் மிச்சமா?

வீட்டு எண் 17
ஜூன் 8, இரவு 8.20

ஆறு நாளா நான் எழுதலை. மனுவை என் மேசையிலேயே வச்சிருக்கேன். நான் பேங்க்ல இருந்தவன், எதையும் எண்ணிப் பார்க்காம கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அதனால வெள்ளிக்கிழமை காலையில 8 மணியில இருந்து 9.30 வரைக்கும் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டியை எண்ணினேன். ஸ்கூல் வேன் 6. ஆட்டோ 9. டூ வீலர் 41. கார் 5. தண்ணி லாரி 1. இது காப்பகம் வராதப்பவே. அந்த ஆறு வேன்ல நாலு, ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் ஹாரன் அடிச்சுத்தான் பிள்ளையைக் கூப்பிட்டுச்சு. இத்தனை வருஷமா அது என் காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான்தான் கவனிக்கலை.

இன்னைக்குக் கொத்தனார் மகனைக் கூட்டிக்கிட்டு டேப் பிடிச்சு ரோட்டை அளந்தோம். மனைப்பிரிவு வரைபடத்துல நாலாவது வீதி 23 அடி. ஆறு இடத்துல அளந்தோம். எங்கயுமே 23 இல்லை. குறுகலான இடத்துல 15 அடி 8 அங்குலம். ஒருத்தர் பூச்செடிக்குத் தொட்டி கட்டியிருக்கார், இன்னொருத்தர் துவைக்கிற கல் போட்டிருக்கார், மிச்சம் பூரா காரை ஏத்த வாசல்ல போட்ட சாய்தளம்.

அந்தக் குறுகலான இடம் என் வீட்டு வாசல். என் சாய்தளம் மட்டும் மூணரை அடி. அதுல பாதி நீளத்துக்குப் போட்டிருந்தாக்கூட கார் ஏறியிருக்கும். அன்னைக்குக் கொத்தனார் "கொஞ்சம் இழுத்து விடவா சார்?"னு கேட்டார். நானும் சரின்னு தலையாட்டினேன்.

ஆம்புலன்ஸ் வராததுக்கு மணல் லாரிதான் காரணம், அது மாறலை. ஆனா லாரி இல்லாம இருந்திருந்தாலும் என் வாசலுக்கு எதிர்ல ஒரு கார் நின்னிருந்தா அன்னைக்கு நெருக்கிக்கிட்டுத்தான் வந்திருக்கும்.

டீச்சர்கிட்டப் பேசினேன். அந்த அம்மாவுக்கு என் மகள் வயசு. ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கு: 24க்கு மேல சேர்க்கறதில்லை, மாடி கிடையாது, ரெண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைங்க பின்வாசல், கைக்குழந்தைங்க மட்டும் முன்வாசல், 17ஆம் நம்பர் வாசலுக்கு நேரே எந்த வண்டியும் நிக்கக்கூடாது. உபயோக மாற்ற விண்ணப்ப நகலையும் காட்டறேன்னு சொல்லியிருக்கு. அதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் மனுவைக் கிழிப்பேன். அதுவரை மேசையிலதான் இருக்கும்.

அமைதி விரும்பி
ஜூன் 8, இரவு 8.50

ஆக, விட்டுக் கொடுத்துட்டீங்க.

வீட்டு எண் 17
ஜூன் 8, இரவு 9.00

விட்டுக் கொடுக்கிறதா இருந்தா எழுதி வாங்குவேனா? உங்க வீட்டுப் பூச்செடித் தொட்டி ரெண்டடி ஒரு அங்குலம் ரோட்டுல இருக்கு, சார்.

அஞ்சாவது வீதி, கிணத்தடி
ஜூன் 9, காலை 7.10

பள்ளத்தை மூடற வரைக்கும் பின்வாசல் திறக்கக்கூடாதுன்னு அந்தத் தாள்ல ஒரு வரி சேருங்க. சேர்த்தா நானும் பகுதி சபாவுக்கு வர்றேன்.

18ல் வரப்போறவள்
ஜூன் 9, காலை 7.40

சேர்த்துட்டேன் அண்ணே.

மூலைவீட்டு ஆச்சி
ஜூன் 9, காலை 11.00

கோலத்தைப் பத்தி ஒரு வரி?

18ல் வரப்போறவள்
ஜூன் 9, காலை 11.05

அதையும் சேர்த்தாச்சு ஆச்சி. "மூலைவீட்டு வாசலில் வண்டி ஏற்றக்கூடாது."

இரட்டைத் தொட்டில்
ஜூன் 11, இரவு 9.30

இன்னைக்கு உள்ளே விட்டாங்க. அரளி போயிடுச்சு, குழியையும் மூடிட்டாங்க. கொட்டகை இருந்த இடத்துல வெறும் மண். கிணத்துச் சுவர் நாலடி எழும்பியிருக்கு, வலை இன்னும் வரலை. கிணத்து வலையைப் பூட்டினதுக்கு அப்புறம்தான் பேர் கொடுப்பேன்னு சொல்லிட்டு வந்தேன். டீச்சர் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

வீட்டு எண் 17
ஜூன் 12, காலை 8.00

சாய்தளத்தை உடைக்க நாளைக்குக் கொத்தனார் வர்றார். மூணரை அடியை ஒண்ணேகால் அடியாக் குறைக்கச் சொல்லியிருக்கேன். இயந்திரம் வைக்க வேண்டாம், கடப்பாரையால உடைங்கன்னு சொல்லியாச்சு. அதுவும் மத்தியானத்துல கூடாது, வீட்டம்மா தூங்குவா. ஆள் ஒரு நாள் கூலிக்கு வர்றதால, நம்ம வரிசையில வேற யாராவது உடைக்கறதா இருந்தாச் சேர்த்தே முடிச்சிடலாம்.

சிங்கையில் ஒருவன்
ஜூன் 12, காலை 10.45

21ஆம் நம்பரும் சேர்த்துக்கங்க. எங்களுது ரெண்டே கால் அடின்னு அப்பா அளந்து சொன்னார். கூலி நான் அனுப்பிடறேன்.

அமைதி விரும்பி
ஜூன் 12, இரவு 10.30

கொத்தனார் நம்பரைத் தனிச்செய்தியில அனுப்புங்க.